பழைய தேவாலயமும் கல்லறைத் தோட்டமும்: அகழாய்வு வேலையின் முழு வரிசை

இங்கிலாந்தில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான தேவாலயத் தளங்களில் முதன்முறையாக வேலைக்கு இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அகழாய்வுக் குழிகளில் பழகிவிட்டு இங்கே மேற்படிப்புக்கு வரும் மாணவர்களையும் மனத்தில் வைத்திருக்கிறேன். அவர்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. தடுமாறுவது வேலையின் வரிசையில்தான்.

வரிசைக்கு ஏன் இத்தனை அழுத்தம்? எடுத்த எலும்பைப் பெட்டியில் வைத்தால் முப்பது ஆண்டு கழித்தும் இன்னொருவர் அளந்து பார்க்கலாம். எந்தக் கல்லறை எதை வெட்டிக்கொண்டு போகிறது, எது சுவருக்கு முந்தையது, எது பிந்தையது என்ற உறவு மண்ணில் மட்டுமே இருக்கிறது. தோண்டிய மறுகணம் அது அழிந்துவிடும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த உறவைக் காப்பதற்காகவே அந்த இடத்தில் நிற்கிறது.

1. எலும்பு வரும் என்று எண்ணியே அனுமதி வாங்குங்கள்

"எலும்பு தென்பட்டால் பார்த்துக்கொள்வோம்" என்று தொடங்கக் கூடாது. தேவாலயத் தளத்தில் எலும்பு வரும். இன்றும் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்ட ஆளுகையில் உள்ள புனித நிலம் என்றால் மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆளுகைக்கு வெளியே உள்ள வயல் அல்லது மனை என்றால் 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். இடம் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால், 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் கீழ் தனி இசைவும் தேவை. அயர்லாந்தில் விதிகள் வேறு. அங்கே அகழாய்வு உரிமம் குறிப்பிட்ட ஓர் இயக்குநரின் பெயருக்கே வழங்கப்படுகிறது.

உரிமத்தில் உள்ள நிபந்தனைகளைக் குழுவில் எல்லோரும் படிக்க வேண்டும். பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைப்பு, உடல்களைக் கண்ணியமாகக் கையாளுதல், ஆய்வுக்குப் பின் மறு அடக்கமா சேமிப்பா என்ற ஏற்பாடு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். மறைப்புத் தட்டிகளை முதல் நாளே நிறுத்துங்கள். எலும்பு வெளிப்பட்ட பிறகு அவசர அவசரமாகத் தார்ப்பாய் தேடுவது இறந்தவருக்கும் ஊராருக்கும் செய்யும் அவமரியாதை. பங்குக் குருவிடமும் ஊர் மக்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்களில் பலர் அந்த மண்ணில் கிடப்பவர்களைத் தம் முன்னோராகவே நினைக்கிறார்கள்.

2. மண்வெட்டியை எடுப்பதற்கு முன் நிலத்தைப் படியுங்கள்

பழைய நிலவரைபடங்கள், வான்வழிப் படங்கள், லைடார் தரவு (வானிலிருந்து லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்தது) ஆகியவற்றை முதலில் விரித்துப் பாருங்கள். வயல் வரப்போ சாலையோ காரணமின்றி வளைந்து போனால், அது பழைய தேவாலய வளாகத்தின் எல்லையைத் தொடர்ந்து போவதாக இருக்கலாம். 2018இன் வறண்ட கோடையில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பயிரில் விழுந்த நிறத் தடங்களாகவே புதைந்த அகழிகள் பல தெரிந்தன. அத்தகைய ஆண்டின் படங்களைத் தேடிப் பிடிப்பது வீண்போகாது.

அடுத்தது நிலத்தடி அளவீடு. சுவர் அடித்தளத்துக்கு மின்தடை அளவீடும் தரை ஊடுருவும் ரேடாரும் ஏற்றவை. எல்லை அகழிகளுக்குக் காந்த அளவீடு நன்றாக உதவும். தனித்தனிக் கல்லறைகளை இவை எதுவும் உறுதியாகக் காட்டுவதில்லை. தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூடியதால், உள்ளும் புறமும் ஒன்றுபோல் இருக்கும். அளவீட்டுப் படத்தில் கல்லறை தெரியவில்லை என்பதால் கல்லறை இல்லை என்று முடிவு கட்டுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

மண்ணின் அமிலத்தன்மையையும் சோதியுங்கள். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் எலும்பு திடமாகக் கிடைக்கும். அமில மணலில் எலும்பு கரைந்து உடலின் நிழல் மட்டும் கறையாக நிற்கும். கிழக்கு இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டுத் தளத்தில் அத்தகைய மணல் உருவங்களைத்தான் கண்டார்கள். கறையைத் தேடப் போகிறோமா, எலும்பைத் தேடப் போகிறோமா என்பதைப் பொறுத்துக் கருவியும் வேகமும் மாறும்.

தேவாலயம் இன்னும் நின்றுகொண்டிருந்தால், 19ஆம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்த கணக்கு ஏடுகளைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் காலத்தில் சுவரை ஒட்டிச் சுற்றிலும் வடிகால் வெட்டும் வழக்கம் இருந்தது. அந்த வடிகால், சுவருக்கும் கல்லறைகளுக்கும் இடையிலான உறவைத் துண்டித்திருக்கும். எங்கே அது வெட்டப்படவில்லையோ, அங்கேதான் உங்கள் முதல் குழி அமைய வேண்டும்.

3. ஆட்களும் கருவிகளும்

எலும்பியல் வல்லுநர் முதல் நாளிலிருந்தே களத்தில் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் மட்டும் அவரை உட்கார வைப்பது பொய்ச் சிக்கனம். ஆயுட்காலம், நோய், பிறப்புக் கோளாறு ஆகியவற்றின் சில தடயங்கள் எலும்பு மண்ணில் கிடக்கும் நிலையில்தான் தெரியும்.

சிறு கரணை, மென்மையான தூரிகை, மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன செதுக்கிகள், தண்ணீர் தெளிப்பான், மண்டியிடப் பலகை, நீர் புகாத பெயர்ச்சீட்டுகள், 4 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் சல்லடைகள், டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் கோணத்தையும் அளந்து இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் கருவி), கேமரா. இவை போதும். எலும்பு தென்பட்ட பிறகு உலோகக் கருவி அருகில் வரக் கூடாது. அதன் கீறல் பிற்பாடு வெட்டுக்காயம்போல் தோன்றி ஆய்வாளரைக் குழப்பும்.

4. மேல்மண்ணை அகற்றுதலும் பரப்பைத் திறத்தலும்

புல்வெளிக்கு அடியில் உழவு மண் மட்டும் இருக்கிறது என்று சோதனைக் குழிகள் உறுதிப்படுத்தினால், பற்கள் இல்லாத வாளி பொருத்திய இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். பின்னோக்கி நகர்ந்தபடி மெல்லிய அடுக்காக எடுக்க வேண்டும். வாளியைப் பார்த்தபடியே ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்காதீர்கள்.

அயர்லாந்துத் தளங்களில் இந்தப் படியையும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும். கைவிடப்பட்ட பழைய தேவாலய மேடுகளில், திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்களை 20ஆம் நூற்றாண்டு வரையிலும் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தக் குழிகள் ஆழமற்றவை. ஊரில் இன்று வாழும் சிலருடைய உடன்பிறந்தவர்களாகவும் அந்தச் சிசுக்கள் இருக்கக்கூடும். மேல்மண் என்று தள்ளிவிடக் கூடிய இடம் அல்ல அது.

தமிழ்நாட்டில் கட்டங்களாகப் பிரித்து, நடுவே வரப்பு விட்டுத் தோண்டிப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முறையை வளர்த்தவர் 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர். நகர அடுக்குகளைக் குறுக்குவெட்டில் படிக்க அது நல்ல வழி. கல்லறைத் தோட்டத்தில் அதே வரப்பு மூன்று பேரின் கால்களை ஒரு பக்கமும் தலைகளை மறுபக்கமும் பிரித்துவிடும். எனவே இங்கே வரப்பில்லாமல் முழுப் பரப்பையும் ஒருசேரத் திறந்து, காலத்தால் கடைசியாக நிகழ்ந்ததை முதலில் எடுத்து, பின்னோக்கிப் போகிறோம். குறுக்குவெட்டு தேவைப்படும் இடத்தில் மட்டும் தற்காலிகமாக ஒன்றை விட்டு, வரைந்தவுடன் எடுத்துவிடலாம்.

5. ஒரு கல்லறைக்கு நான்கு எண்கள்

இந்த முறையில் நிகழ்ந்த ஒவ்வொரு செயலும் ஓர் அலகு. குழி வெட்டியது ஒரு செயல்: அதற்கு ஓர் எண். சவப்பெட்டி வைத்தது இன்னொன்று. உடலுக்கு ஓர் எண். மூடிய மண்ணுக்கு ஓர் எண். பெட்டி இல்லையென்றால் மூன்று எண்கள்.

"கல்லறை 14" என்று ஒரே எண்ணில் அடக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால், மூடிய மண்ணில் கிடந்த பானை ஓடு உடலுடன் வைக்கப்பட்டதா, மண்ணோடு தற்செயலாக வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. ஆரம்பகாலக் கிறித்தவக் கல்லறைகளில் உடலுடன் பொருள் வைப்பது அரிது. ஆகவே கிடைக்கும் ஓடுகளில் பெரும்பாலானவை மண்ணோடு வந்தவையே.

எண் கொடுத்த அன்றே அதை ஹாரிஸ் அட்டவணையில், அதாவது அலகுகளின் கால வரிசையைக் காட்டும் படத்தில், ஏற்றுங்கள். எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த இந்த அட்டவணையில் பிந்தியது மேலே, முந்தியது கீழே. நேரடியாகத் தொடும் அலகுகளை மட்டும் கோட்டால் இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆழத்தில் இருக்கின்றன, ஒரே நிறத்தில் இருக்கின்றன என்பதற்காகக் கோடு போடாதீர்கள். ஆழம் காலத்தைச் சொல்லாது. அருகருகே கிடக்கும் இரண்டு குழிகளில் மேலோட்டமாக வெட்டியது முந்தியதாகவும் இருக்கலாம்.

வார இறுதியில் மொத்தமாக அட்டவணை போடும் பழக்கம் வேண்டாம். முரண் தெரியவரும்போது மண் இருக்க வேண்டும். மண் இருந்தால்தான் திரும்பிப் போய்ப் பார்க்க முடியும்.

6. வெட்டின் விளிம்பைக் கண்டுபிடித்தல்

மொத்த வேலையிலும் கடினமானது இது. நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தோண்டிய மண் ஒரே பழுப்பாகக் கலந்துபோயிருக்கும். விளிம்பு தெரியவில்லை என்று புதியவர்கள் கீழே இறங்கிவிடுகிறார்கள். எலும்பு தட்டும் வரை தோண்டுகிறார்கள். அதற்குள் மேலே வெட்டுகள் ஒன்றையொன்று கடந்த இடம் போய்விட்டிருக்கும்.

முதலில் பரப்பு முழுவதையும் கரணையால் ஒரே மட்டத்தில் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எப்போதும் தெரிந்த பகுதியிலிருந்து தெரியாத பகுதியை நோக்கி. பிறகு தண்ணீரை மெல்லத் தெளித்துக் காத்திருங்கள். குழிக்குள் உள்ள தளர்ந்த மண்ணும் வெளியே உள்ள இறுகிய மண்ணும் வெவ்வேறு வேகத்தில் உலரும். உலரும் அந்தச் சிறிது நேரத்தில் விளிம்பு தன்னைக் காட்டும். அப்போதே ஆணி வைத்துக் குறித்துவிடுங்கள்.

காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியில் பாருங்கள். நடுப்பகல் வெயில் எல்லாவற்றையும் மழுக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாததைக் கரணை சொல்லும்: குழி மண்ணில் அது சட்டென இறங்கும், ஓசையும் மாறும். அடிமண்ணின் சிறு துணுக்குகள் கலந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் மண், யாரோ அடிமண் வரை வெட்டித் திரும்ப மூடியதன் அடையாளம்.

இவ்வளவுக்கும் பிறகு விளிம்பு தெரியாவிட்டால், உடலையே சாட்சியாகக் கொள்ளலாம். ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இல்லை, முறிவு நேர்க்கோட்டில் இருக்கிறது என்றால், அந்தக் கோட்டில்தான் பின்வந்த குழி வெட்டியிருக்கிறது. அவருடைய கால் எலும்புகள் அந்தப் பிந்திய குழியின் மண்ணில் உதிரியாகக் கிடைக்கலாம். கிடைத்தால் வரிசை உறுதி. ஆனால் அந்த உதிரி எலும்பை எடுத்து முதலாமவருடைய பையில் சேர்க்காதீர்கள். அது கிடந்த மண்ணின் எண்ணே அதற்கும். பொருத்திப் பார்ப்பது ஆய்வகத்தின் வேலை.

கல்லறையைக் குறுக்கே பாதி வெட்டி உள்ளே பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். தூண் குழிக்கு அது சரியான முறை. உடலை இரண்டாகப் பிரிக்கும் இடத்தில் அதற்கு இடமில்லை.

7. உடலை வெளிப்படுத்துதல்

பெரும்பாலான உடல்கள் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக, மல்லாந்து நீட்டிப் படுத்திருக்கும். மேற்கு முனையில் தலையை எதிர்பார்த்து, அங்கே மண்ணை மிக மெதுவாக எடுங்கள்; மற்ற எலும்புகளைவிட மண்டையோடு உயரமாக நிற்பதால் முதலில் அடிபடுவது அதுதான்.

தலையைச் சுற்றிக் கற்கள் தென்பட்டால் அவற்றை அகற்றாதீர்கள். நார்தாம்டன்ஷயரில் ரான்ட்ஸ் ஃபர்னெல்ஸ் என்ற இடத்தில் 1977 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் 360க்கும் மேற்பட்ட கல்லறைகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றில் தலை சாயாமல் இருக்க இரு பக்கமும் கல் வைத்திருந்தார்கள். தோண்டிய மண்ணில் வந்த வெறும் கல் என்று நினைத்து எறிந்திருந்தால், தம் இறந்தவரின் முகம் நேரே நிமிர்ந்திருக்க வேண்டும் என்று 10ஆம் நூற்றாண்டுக் கிராமத்தார் காட்டிய அக்கறை தெரியாமலே போயிருக்கும்.

கரி பரப்பி அதன்மேல் உடலை வைத்த கல்லறைகளும் உண்டு. வின்செஸ்டரிலும் யார்க்கிலும் அவை கிடைத்திருக்கின்றன. கறுப்பு அடுக்கு வந்ததும் அடுப்பு என்று எழுதிவிடாதீர்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்த கல்லறைகள் மிகுதி. அங்கே மூடுகல், பக்கக்கல் ஒவ்வொன்றையும் அகற்றும் முன் படம் எடுத்து எண்ணிடுங்கள்.

எலும்பின் மேல்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும். அடியில் குடைந்து, எலும்பு மண்மேடையில் நிற்பதுபோல் ஆக்கினால் படம் அழகாக இருக்கும். ஆனால் விரல் எலும்புகள் சரிந்து இடம் மாறியிருக்கும். கை, கால் விரல்கள், முழங்கால் சில்லு, விலா ஆகியவற்றைக் கடைசியில், குறைந்த அளவு தொட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

வெளிப்படுத்தத் தொடங்கிய உடலை அன்றே பதிவு செய்து எடுத்துவிட வேண்டும். வெயிலிலும் காற்றிலும் எலும்பு வெடிக்கும். இரவில் திருட்டுப் பயமும் உண்டு. மாலைக்குள் முடியாது என்று தோன்றினால் தொடங்காதீர்கள். ஒரே நேரத்தில் பலவற்றைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றையும் முடிக்காமல் தவிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாமே கெடுகிறது.

8. எடுக்கும் முன் எழுத வேண்டியவை

படம் எடுப்பதற்கு முன் தார்ப்பாயால் முழு நிழல் கொடுங்கள். பாதி வெயில் பாதி நிழல் படத்தால் பயனில்லை. அளவுகோல், வடதிசைக் குறி, எண் பலகை மூன்றும் வேண்டும். நான்கு மூலையிலும் குறியாணி வைத்து, அவற்றின் ஆயங்களை டோட்டல் ஸ்டேஷனில் எடுத்துவிட்டால், படங்களிலிருந்து முப்பரிமாண உருவை அமைக்கலாம். மண்டையோடு, இடுப்பு, பாதம் மூன்றிலும் உயர மட்டம் எடுங்கள்.

முப்பரிமாண உரு இருக்கிறதே, குறிப்புத் தாள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேமரா ஒரு கோணத்தை மறைத்துவிட்டால் அதைச் சொல்லாது. மூட்டு விலகியிருக்கிறதா, எலும்பு எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று விரலும் கண்ணும்தான் சொல்லும். உடலை எப்படி வைத்தார்கள் என்பதன் தடயம் முழுவதும் இந்தச் சிறு நிலைகளில் இருக்கிறது.

தோள்கள் காதை நோக்கி உயர்ந்து, காரை எலும்புகள் செங்குத்தாகி, முழங்கால்களும் பாதங்களும் ஒட்டிக் கிடந்தால், துணியால் இறுகச் சுற்றியிருக்கலாம். முழங்கால் சில்லு வெளிப்பக்கம் உருண்டு விழுந்து, இடுப்பெலும்புகள் விரிந்து தட்டையாகிக் கிடந்தால், உடல் மக்கும்போது சுற்றிலும் வெற்றிடம் இருந்தது. அதாவது பெட்டியோ மூடுபலகையோ இருந்து மண்ணைத் தடுத்திருக்கிறது. சில்லு தன் இடத்திலேயே நின்றால் மண் நேராக உடல்மீது விழுந்திருக்கிறது. எழுதி முடிக்கும் முன் எலும்பை எடுத்துவிட்டால் மரம் மக்கிப்போய்விட்ட இந்தக் கல்லறைகளில் பெட்டி இருந்ததற்கான ஒரே சாட்சியும் போய்விடும்.

வலது, இடது என்று எழுதும்போது அது இறந்தவரின் வலது, இடது. காலடியில் நின்று பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். நெடுநாள் பழகியவர்களும் மாலைக் களைப்பில் இங்கே தவறுகிறார்கள். எழுதியவர் ஒருவராகவும் சரிபார்ப்பவர் இன்னொருவராகவும் இருக்கட்டும்.

அடுத்த குழியுடனும் சுவருடனும் உள்ள உறவை எழுதிய பிறகே தாளில் கையெழுத்து. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எலும்பை எடுக்க நான் அனுமதிப்பதில்லை. "உறவு தெரியவில்லை" என்று எழுதுவது தவறில்லை. காலியாக விடுவது தவறு.

9. எடுத்தலும் பையிடலும்

மரபணு ஆய்வுக்கு மாதிரி எடுக்க வேண்டும் என்றால் அது முதலில். கையுறை, முகக்கவசம் அணிந்து, காதைச் சூழ்ந்த அடர்ந்த எலும்புப் பகுதியையோ பல்லையோ கழுவாமல் குளிரில் வையுங்கள். அதைக் கடைசிக்கு ஒதுக்கினால், அதற்குள் பல கைகள் பட்டிருக்கும்.

பிறகு இடக்கை, வலக்கை, இடப்பாதம், வலப்பாதம், இடவிலா, வலவிலா, முதுகெலும்பு, நீள எலும்புகள் எனத் தனித்தனிப் பைகள். விரல் எலும்புகள் கலந்துவிட்டால் எந்தப் பக்கம் என்று பிரிப்பது பெரும்பாடு. மண்டையோட்டைச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, இரு கையாலும் அடியிலிருந்து தாங்கி எடுங்கள். கண்குழியில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். உள்ளே உள்ள மண்ணைக் களத்தில் தோண்டி எடுக்கவும் வேண்டாம். காதின் சிற்றெலும்புகள் அதற்குள் கிடக்கும்.

சிதைந்த எலும்பைப் பசை தடவி உறுதியாக்கும் வழக்கம் வேண்டாம். அது காலக்கணிப்பைக் கெடுக்கும். பெயர்ச்சீட்டு பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

10. எலும்புக்கு அடியில் உள்ள மண்

உடல் எடுத்த பிறகு பலரும் "முடிந்தது" என்று எழுந்துவிடுகிறார்கள். இடுப்புக் குழியின் மண்ணை முழுதாக எடுங்கள். அதில் குடற்புழு முட்டை, சிறுநீரகக் கல், கருவிலிருந்த சிசுவின் எலும்பு ஆகியவை இருக்கக்கூடும். ஒப்பிட்டுப் பார்க்கத் தலை அருகிலிருந்தும் கால் அருகிலிருந்தும் தனி மாதிரி வேண்டும். ஒப்பீடு இல்லாவிட்டால், புழு முட்டை வயிற்றிலிருந்து வந்ததா, தோட்டம் முழுவதும் பரவியிருந்ததா என்று சொல்ல முடியாது.

கைகால் பகுதி மண்ணைச் சல்லடையில் அலசினால் விடுபட்ட விரல் எலும்புகள் கிடைக்கும். குழந்தைக் கல்லறை என்றால் மண் முழுவதும் சல்லடைக்குப் போக வேண்டும். முளைக்கும் பற்களின் மொட்டுகள் நெல்மணியைவிடச் சிறியவையாக இருக்கலாம். குழந்தையின் வயதை மிகச் சரியாகச் சொல்பவை அவைதான்.

11. கட்டடத்தைத் தோண்டுதல்

கல் தேவாலயத்துக்கு அடியில் மரத் தேவாலயம் இருக்கலாம் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். மரம் மக்கிப் போயிருக்கும். தூண் குழிகளும், அடிச்சட்டம் பதித்த நீண்ட வாய்க்கால் போன்ற வெட்டுகளும் மட்டும் எஞ்சும். தூண் குழியைப் பாதி வெட்டிக் குறுக்கே பாருங்கள். நடுவில் தூண் நின்ற இடத்தின் கருமண், சுற்றிலும் இறுக்கிய கல், வெளியே முதல் வெட்டு என மூன்றும் மூன்று அலகுகள். தூணைப் பிடுங்கி எடுத்தார்களா, நின்ற இடத்திலேயே மக்கியதா என்பது நடு மண்ணின் வடிவில் தெரியும்.

கல் சுவரே இல்லாமலும் கல் தேவாலயத்தைக் கண்டுபிடிக்கலாம். வின்செஸ்டரில் 7ஆம் நூற்றாண்டில் எழுந்த பழைய மின்ஸ்டர் என்ற பெருந்தேவாலயம், புதிய பேராலயம் வந்தபோது 1093-94இல் இடிக்கப்பட்டது. அதன் கற்களை அடித்தளம் வரை தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். 1960களில் மார்ட்டின் பிடிலின் குழு அங்கே கண்டது பெரும்பாலும் கல் எடுத்துப்போன பள்ளங்களைத்தான். அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய் முழுத் தரைப்படத்தையும் மீட்டார்கள். இன்று பேராலயத்தின் பக்கத்தில் செங்கல் வரிசையாக அந்தப் படம் தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது.

கல் எடுத்த பள்ளத்தைத் தோண்டும்போது புதியவர்கள் இரண்டு காலங்களைக் குழப்புகிறார்கள். பள்ளத்தை நிரப்பிய உடைகல்லும் சாந்துத் தூளும் இடிப்புக் காலத்துக்கு உரியவை. கட்டுமானக் காலத்தைச் சொல்வது, பள்ளத்தின் அடியிலோ ஓரத்திலோ எஞ்சியிருக்கும் அசல் அடித்தள வெட்டு. இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுக்காமல் ஒரே பள்ளமாகத் தோண்டினால், 7ஆம் நூற்றாண்டுச் சுவருக்கு 11ஆம் நூற்றாண்டுப் பானை ஓடு சான்றாகிவிடும்.

சுவரோரத்து இடிபாட்டு மண்ணைச் சல்லடைக்கு அனுப்புங்கள். வடகிழக்கு இங்கிலாந்தின் மங்க்வேர்மவுத், ஜாரோ மடங்களில் தொல்லியலாளர் ரோஸ்மேரி கிராம்ப் நடத்திய அகழாய்வில் வண்ண ஜன்னல் கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. 674இல் மங்க்வேர்மவுத்தை நிறுவிய பெனடிக்ட் பிஸ்காப், கண்ணாடிக் கைவினைஞர்களைக் கால் (Gaul) நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து, வரவழைத்ததாக ஜாரோ மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் எழுதியிருக்கிறார். அந்த எழுத்துக்கு மண்ணில் கிடைத்த துணை அந்தச் சிறு துண்டுகள்.

தேவாலயத்தையும் கல்லறைகளையும் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடவும் வேண்டாம். ஸ்காட்லாந்தின் போர்ட்மஹோமக்கில் மார்ட்டின் கார்வர் 1994 முதல் 2007 வரை தோண்டியபோது, தேவாலயத்துக்கு வெளியே இருந்த பரப்பில்தான் எழுதுவதற்கான கன்றுத்தோலைப் பதப்படுத்திய பட்டறை வெளிப்பட்டது. பழங்கால ஸ்காட்லாந்தின் பிக்ட் மக்களுடைய மடம் அது என்று அறிய அந்தப் பட்டறை பெரிதும் உதவியது.

12. கல்லறையையும் கட்டடத்தையும் இணைத்தல்

இதுவரை எழுதிய உறவுகள் இங்கேதான் பலன் தரும். ஒவ்வொரு கல்லறையிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுவரின் அடித்தளம் இதை வெட்டுகிறதா? இது கட்டுமானச் சிதறலை, அதாவது கல் செதுக்கிய சில்லும் சிந்திய சாந்தும் பரவிய மெல்லிய அடுக்கை, வெட்டிக்கொண்டு போகிறதா? அல்லது சுவருக்கு இணையாக விலகி நிற்கிறதா?

முதலாவதற்கு ஆம் என்றால் கல்லறை அந்தச் சுவருக்கு முந்தையது. அதற்காக, தேவாலயமே இல்லாத காலம் என்று தாவிவிடாதீர்கள். முந்தைய மரத் தேவாலயத்தைச் சுற்றியும் அது இருந்திருக்கலாம். இரண்டாவதற்கு ஆம் என்றால் பிந்தையது. மூன்றாவது குறிப்பு மட்டுமே, சான்று ஆகாது.

கட்டுமானச் சிதறல் சில இடங்களில் விரல் தடிமன்கூட இருக்காது. அழுக்கு மண் என்று சுரண்டித் தள்ளப்படுவது பெரும்பாலும் அதுதான். சுவரை ஒட்டிய முதல் 2 மீட்டர் பரப்பை மிகவும் பழகியவரிடம் கொடுங்கள்.

ரான்ட்ஸில் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில் பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறானது. சிறிய ஒற்றை அறைத் தேவாலயம் முதலில் எழுந்தது. அடக்கங்கள் தொடங்கியது அதற்குப் பிறகு. சிசுக்களின் கல்லறைகள் சுவரை ஒட்டி, இறவாரத்து நீர் சொட்டும் இடத்தில் நெருங்கிக் கிடந்தன. புனிதக் கூரையில் பட்ட நீர் குழந்தைகள்மேல் விழ வேண்டும் என்று பெற்றோர் விரும்பியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்கிறோமோ இல்லையோ, சுவருக்கும் அந்தச் சிறு குழிகளுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொன்றாக அளந்து பதிந்ததால்தான் பேசவே முடிகிறது.

13. காலம் கணித்தல்

பொருள் இல்லாத கல்லறைகளுக்குக் கரிமம்-14 கணிப்பே வழி. எல்லா உடல்களுக்கும் செலவிட முடியாது. அட்டவணையைப் பார்த்து, ஒன்றையொன்று வெட்டும் தொடர்களிலிருந்து மாதிரி தேர்ந்தெடுங்கள். வரிசை முன்பே தெரிந்திருந்தால், அதைப் புள்ளியியல் கணிப்பில் சேர்த்து ஒவ்வொன்றின் கால வரம்பையும் குறுக்கலாம். உறவு எழுதாத தனி எலும்புக்கு இந்த உதவி கிடைக்காது.

இது இங்கே முக்கியம். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 9ஆம் நூற்றாண்டு வரை கரிமம்-14 அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் அளவீட்டு வளைகோடு பல இடங்களில் தட்டையாக இருக்கிறது. தனி மாதிரி ஒன்று நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரம்பைத் தந்துவிட்டு நிற்கும். கடல் மீன் மிகுதியாக உண்டவரின் எலும்பு உண்மையைவிடப் பழையதாகவும் காட்டும். ஆகவே அவர் என்ன உண்டார் என்று காட்டும் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப் அளவீட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

மூடிய மண்ணில் கிடைத்த காசு, குழி அந்தக் காசுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று மட்டும் சொல்லும். முயலும் அகழெலியும் துளைத்த வளை இருந்தால் அதையும் சொல்லாது. வளைகளை வரைபடத்தில் குறித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

14. கழுவுதல், சேமிப்பு, மறு அடக்கம்

வெதுவெதுப்பற்ற சாதாரண நீரில், அடியில் சல்லடை வைத்து, மென்மையான தூரிகையால் கழுவுங்கள். ஊறவைக்கக் கூடாது. பற்களைத் தேய்க்காதீர்கள்; பற்காரையில் உணவின் நுண்துகளும் நுண்ணுயிர் மரபணுவும் இருக்கின்றன. நிழலில், காற்றோட்டத்தில் மெல்ல உலர விடுங்கள். ஹீட்டர் அருகே வைத்த எலும்பு உரியும்.

மறு அடக்கம் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தால் நாள் குறிப்பதற்கு முன், மாதிரிகள் எல்லாம் எடுக்கப்பட்டனவா, ஆய்வறிக்கை முடிந்ததா என்று எலும்பியல் வல்லுநரிடம் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு நோக்கங்களையும் நிறைவேற்றும் வழியும் உண்டு. பார்ட்டன்-அபான்-ஹம்பரின் புனித பேதுரு தேவாலயத்தில் 1978 முதல் 1984 வரை எடுத்த ஏறத்தாழ 2,800 பேரின் எலும்புகள், ஆய்வுக்குப் பின் அதே தேவாலயத்திற்குத் திரும்பி, ஆய்வாளர்கள் அணுகக்கூடிய எலும்பறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் தளத்திலும் அதற்கு இடமிருக்கிறதா என்று திட்டத்தின் தொடக்கத்திலேயே பங்குக் குழுவிடம் கேளுங்கள். எலும்பறைக்கான ஈரப்பதக் கட்டுப்பாடும் அலமாரிகளும் செலவுக் கணக்கில் இடம்பெற வேண்டும்.

பெட்டிகளோடு குறிப்புத் தாள்கள், அட்டவணை, வரைபடம், படங்கள் எல்லாவற்றின் பிரதியும் ஒரே காப்பகத்துக்குப் போக வேண்டும். எலும்பு ஓரிடம், தாள் இன்னோரிடம் என்று பிரிந்துவிட்ட சேகரிப்புகளில், பின்னால் வரும் ஆய்வாளர் எலும்பை மட்டும்தான் அளக்க முடிகிறது.